ஊர் சூட்டிய பெயரும் உழைப்பால் பெறும் பெயரும்

எல்லாப் புகழும் ஏக இறைவனாம் அல்லாஹ்வுக்கே உரியன. எம்பெருமானார் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக.

   

மனிதனுக்குப் பெயர்கள் இரண்டு உண்டு. ஒன்று, பிறந்தவுடன் பெற்றோர் ஆசையோடு சூட்டும் பெயர். மற்றது, அவன் அறிந்தோ அறியாமலோ ஊரார் சூட்டிவிடும் பெயர். என்றோ ஒருநாள் கண்ட நிலையை வைத்து ஊரார் ஒரு முடிவுக்கு வந்துவிடுவர். ஆண்டுகள் பல கழியும். அந்த மனிதன் மாறியிருப்பான், உயர்ந்திருப்பான். ஆனால் அவனைப் பற்றிய முடிவு மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். அத்தகைய பழைய பார்வைக்கு ஆளாகும் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய சிந்தனையின் பொருளாகும்.

இதனைச் சிந்திப்பதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் மக்களும், பெருநிலப்பரப்பில் விடத்தல்தீவு முதல் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வரையான கரையோர மக்களும் இதனைத் தம் வாழ்விலேயே கண்டவர்கள். 1990 ஒக்டோபர் மாதத்தின் இறுதி நாட்களில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். வீடும் தோட்டமும், வள்ளமும் வலையும், கடையும் கால்நடையும் கைவிட்டுப் போயின. தீவிலிருந்து கடல் வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர்.

புத்தளத்து மக்கள் அன்று செய்த உதவியை நாம் எந்நாளும் மறத்தலாகாது. பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். சமைத்துக் கொண்டுவந்து பரிமாறினார்கள். தென்னந்தோட்டங்களில் கொட்டில் கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். ஆயினும் சில வாரங்களில் முடியும் என்று எண்ணிய துயரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கூலி வேலைக்கும், குடிநீருக்கும், வகுப்பறையில் ஓர் இருக்கைக்கும் போட்டி உண்டாயிற்று. அப்போது ஒரு சொல் நிலைபெற்றது. “அகதி” என்பதே அச்சொல். கிடுகுக் கொட்டிலில் பிறந்த குழந்தைக்கும் அதே பெயர். அக்குழந்தை கல்வீட்டில் குடியேறிய பின்னரும் அதே பெயர். அவன் படித்து ஆசிரியனாகி வகுப்பறைக்குள் நுழைந்த போதும், முதுகுக்குப் பின்னால் அதே பெயர்.

அரசாங்கப் பதிவேடும் தன் பங்குக்கு ஒரு பெயர் கொடுத்தது. 2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னர், 2008 ஏப்ரலுக்கு முன்பு இடம்பெயர்ந்தோர் அனைவரும் “பழைய இடம்பெயர்ந்தோர்” என்று வகுக்கப்பட்டனர். உதவிகள் முதலில் புதியவர்களுக்கே சென்றன. சரி, சொந்த ஊருக்கே திரும்புவோம் என்று வந்தால், இருபது ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்த காணிகளில் காடு மண்டியிருந்தது. காட்டை வெட்டித் தன் வளவைத் தேடியவன், பார்ப்பவர் கண்ணுக்குப் புதிதாகக் குடியேற வந்தவனாகத் தோன்றினான். புத்தளத்தில் மன்னாரான், மன்னாரில் புத்தளத்தான். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, “நான் யார்?” என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் இளைஞர்களும் யுவதிகளும் இன்றும் நம் மத்தியில் இருக்கின்றார்கள். அவர்களுக்காகவே இந்த வார்த்தைகள்.

அன்பின் இளைஞர்களே! அல்குர்ஆனின் பன்னிரண்டாவது ஸூராவாகிய ஸூரா யூஸுபை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர் யூஸுபைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்கள், பல்லாண்டுகள் கழித்துப் பஞ்ச காலத்தில் தானியம் கேட்டு எகிப்துக்கு வருகின்றனர். நாட்டின் களஞ்சியங்கள் யாவற்றுக்கும் பொறுப்பாளராக யூஸுப் (அலை) அவர்கள் அமர்ந்திருக்கின்றார்கள். வந்தவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இளைய சகோதரரின் பொதியில் அரசருக்குரிய அளவைப் பாத்திரம் காணப்பட்டபோது, அவர்கள் என்ன சொன்னார்கள்? இவன் திருடியதில் வியப்பில்லை, இவனுடைய சகோதரன் ஒருவனும் முன்னரே திருடியவன்தான் என்ற கருத்துப்பட, யூஸுப் (அலை) அவர்களின் முகத்துக்கு நேரேயே கூறிவிட்டார்கள்.

சற்று நிதானித்துப் பாருங்கள். அவர்களுக்கு முன்னால் இருப்பவர் ஒரு தேசத்தின் பசியைத் தீர்க்கும் பொறுப்பில் இருப்பவர். ஆனால் அவர்கள் மனத்தில் இருந்ததோ பழைய பொறாமையால் களங்கப்பட்ட ஒரு சிறுவனின் உருவம். கிணற்றையும், அடிமைச் சந்தையையும், சிறைச்சாலையையும் கடந்து அச்சிறுவர் எங்கே வந்துசேர்ந்திருக்கின்றார் என்பது அவர்களுக்குத் தெரியாது. யூஸுப் (அலை) அவர்கள் சினந்து எழவில்லை. அவர்கள் கூற்றை மனத்துள் அடக்கிக்கொண்டார்கள் என்று அல்குர்ஆன் தெரிவிக்கின்றது. பின்னர் உண்மை வெளிப்பட்ட நாளில், பழி சொல்லாமல் மன்னித்தார்கள்.

இதில் முதற்பாடம் யாது? பிறர் மனத்தில் உள்ள உங்கள் பழைய உருவம் உங்கள் கையில் இல்லை. அதனை நீங்கள் சென்று அழிக்க இயலாது. உங்கள் கையில் இருப்பது உங்கள் வளர்ச்சி ஒன்றே. சிறையில் கிடந்த காலத்திலும் யூஸுப் (அலை) அவர்கள், தாம் குற்றமற்றவர் என்று புலம்பிக்கொண்டே நாட்களைக் கழிக்கவில்லை. உடனிருந்த கைதிகளுக்குக் கனவின் பொருளை விளக்கினார்கள். ஏக இறைவனை எடுத்துரைத்தார்கள். அந்த அறிவே பின்னர் சிறைக்கதவைத் திறந்தது.

நேயர்களே! மக்காவை விட்டு வெளியேறி மதீனா சென்ற தோழர்களுக்கு இஸ்லாம் சூட்டிய பெயர் முஹாஜிர்கள் என்பதாகும். அது இரக்கத்துக்குரிய பெயரன்று, கண்ணியத்துக்குரிய பெயர். “அகதி” என்ற சொல்லுக்குக் கதியற்றவன் என்று பொருள். அல்லாஹ்வையே கதியென நம்பியவன் கதியற்றவனாவது எங்ஙனம்? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ, அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கின்றது என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அந்த வாணிபம், பின்னாளில் அவர்களைப் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக்கியது. வந்தவரின் உழைப்பும், வரவேற்றவரின் தாராளமும் ஆகிய இரண்டுமே மதீனாவின் சிறப்பு.

நம்மவர் வரலாற்றிலும் இதன் சாயலைக் காணலாம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நாட்கூலியாக நின்றவர்கள் யார்? மன்னாரில் சொந்தக் காணி வைத்திருந்த தந்தையரும், அதுவரை வீட்டு வாசலைத் தாண்டி வேலைக்குச் சென்றறியாத தாய்மாரும் அல்லவா? அந்தக் கூலியில் வாங்கிய கொப்பியும் பேனையும் பலரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றன. இன்று ஆசிரியர்களாகவும், உத்தியோகத்தர்களாகவும், வர்த்தகர்களாகவும், மௌலவிமாராகவும் இருப்போர் பலர் அந்தக் கொட்டில்களில் வளர்ந்தவர்களே.

எருக்கலம்பிட்டி மண் ஈன்ற கல்விமான் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் அவர்களையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த அன்னார், 2018 ஆகஸ்ட் மாதத்தில் வபாத்தானார். தம் மக்களை உலகம் மறந்துவிட்டதே என்று அவர் வெறுமனே வருந்திக்கொண்டிருக்கவில்லை. தாம் கற்ற கல்வியையே கருவியாக்கினார். வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் எங்கிருந்து வந்தன, எவற்றை இழந்தன, எங்கே வாழ்கின்றன என்ற விபரங்களைத் திரட்டினார். வட புலத்து முஸ்லிம் அகதிகளை மறக்கப்பட்ட மக்கள் என்று தலைப்பிலேயே சுட்டி, 2001 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலையும் வெளியிட்டார். கோபத்தில் எழுப்பும் குரல் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அறிவோடு எழுதிவைத்த பக்கம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும்.

எனவே, சுயவளர்ச்சி என்பது அநீதிக்கு வாய்மூடி இருப்பது என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். காணி உறுதியைப் பத்திரப்படுத்துங்கள். பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். உரிமையைச் சட்டப்படி கேளுங்கள். உரிமையைக் கேட்பது வேறு. ஒவ்வொருவரின் ஏளனச் சொல்லுக்கும் பதில் சொல்லி வாழ்நாளை வீணாக்குவது வேறு.

அன்பர்களே! வளர்ச்சி என்றால் பட்டமும் பணமும் மட்டுமல்ல. எம்பெருமானார் (ஸல்) அவர்களைக் குறைஷியர் சூனியக்காரர் என்றனர், பைத்தியக்காரர் என்றனர். ஆனால் அதே குறைஷியர் தங்கள் விலையுயர்ந்த பொருட்களை எவரிடம் ஒப்படைத்து வைத்திருந்தனர்? அல்அமீன் என்று தாங்களே அழைத்த அந்த நபியிடம் அல்லவா? கொலை செய்யச் சூழ்ந்த இரவிலும், அவ்வமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை அலி (ரழி) அவர்களிடம் ஒப்படைத்த பின்னரே நபியவர்கள் புறப்பட்டார்கள் என்று வரலாறு கூறுகின்றது. வாய் ஒன்றைச் சொல்லியது. கை மற்றொன்றைச் செய்தது. நற்குணம் அத்தகையது. உங்களைக் குறைத்துப் பேசுகின்றவனே, நம்பிக்கையான ஆள் தேவைப்படும் நாளில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவானாயின், அதுவே உண்மையான வெற்றி.

எனினும் ஓர் எச்சரிக்கை. “என்னை இழிவாகப் பேசியவர்களுக்கு நான் யாரென்று காட்டுகின்றேன்” என்ற எண்ணத்தோடு படிப்பவனும் உழைப்பவனும் உண்டு. அந்த வேகம் சிறிது தூரம் ஓடும். ஆனால் அவன் இன்னும் பிறர் கண்ணுக்கு அடிமையாகவே இருக்கின்றான். நேற்று அவர்கள் ஏளனம் அவனை வருத்தியது. நாளை அவர்கள் பாராட்டு கிடைக்காவிடில் அது அவனை வருத்தும். இதையே நம் மார்க்கம் முகஸ்துதி என்று எச்சரிக்கின்றது. அல்லாஹ்வின் திருப்தியை நாடி வளருங்கள். உங்கள் நேற்றையும் இன்றையும் ஒருசேர அறிந்தவன் அவன் ஒருவனே. அவனிடம் காலங்கடந்த தகவல் எதுவும் இல்லை.

நேயர்களே! இதுவரை, பிறர் நம்மைப் பார்க்கும் பழைய பார்வையைப் பற்றிப் பேசினோம். இனி, நாம் பிறரைப் பார்க்கும் பழைய பார்வையைப் பற்றியும் பேசுவதே நீதி.

அபிஸீனியாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்த லைலா (ரழி) என்ற அம்மையாரை, அப்போது இஸ்லாத்தின் கடும் எதிரியாக இருந்த உமர் கண்டார். வழக்கமான கடுமை அன்று அவரிடம் இல்லை. இரக்கமான ஒரு சொல் சொல்லிச் சென்றார். அம்மையார் இதனைத் தம் கணவர் ஆமிர் இப்னு ரபீஆ (ரழி) அவர்களிடம் கூறியபோது, கத்தாபின் கழுதை இஸ்லாத்தை ஏற்றாலும் ஏற்கும், கத்தாபின் மகன் ஏற்கமாட்டார் என்ற கருத்தில் அவர் பதிலளித்தார் என ஸீரா நூல்கள் கூறுகின்றன. தெருவெங்கும் கழுதைகள் திரியும் மன்னாரில் வாழும் நமக்கு அப்பதிலின் கனம் நன்றாகவே விளங்கும்! ஆனால் நடந்தது என்ன? அந்த உமரே கலிமா மொழிந்து, இரண்டாம் கலீபாவாக உயர்ந்தார்கள். கணவர் நல்லவர்தான், ஆனால் அவரிடம் இருந்தது பழைய முடிவு. மனைவியோ அன்று கண்ட சிறு மாற்றத்தைக் கவனித்தார்.

நம்மிடம் அந்தக் கவனம் இருக்கின்றதா? 1990 இல் ஆயுதம் ஏந்தியோர் செய்த அநீதியை, அன்று பிறந்திராத ஒரு தமிழ் இளைஞனின் தலையில் நாம் சுமத்துகின்றோமா? நாம் வெளியேறிய நாளில் கண்ணீரோடு வழியனுப்பிய அயலவர்களும் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோமா? புத்தளத்தில் யாரோ ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை மட்டும் நினைவில் வைத்து, பசித்த நாளில் சோறு தந்த கையை மறந்துவிட்டோமா? சிங்களச் சகோதரர் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துப் பேசுகின்றோமா? பட்டப்பெயர் சூட்டுவதையும், தீய எண்ணம் கொள்வதையும் ஸூரதுல் ஹுஜுராத் தடுத்திருப்பது, நமக்குப் பிறர் செய்யும்போது மட்டுமா?

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. அன்று தம்பியைக் கிணற்றில் விட்டுவிட்டு வந்த அதே சகோதரர்கள், இன்று இளைய தம்பிக்குப் பதிலாகத் தங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுமாறு வேண்டினார்கள். மூத்தவர் தந்தையின் அனுமதியின்றி அவ்விடத்தை விட்டு அகல மறுத்தார். அவர்களும் மாறத் தொடங்கியிருந்தார்கள். யூஸுப் (அலை) அவர்கள் அதற்கு இடமளித்தார்கள். தாம் வளர்ந்ததை மட்டுமல்ல, தமக்குத் தீங்கு செய்தவர்களும் வளரக்கூடும் என்பதை ஏற்பதே வளர்ச்சியின் நிறைவாகும்.

பெற்றோரே! உங்களிடமும் சில வார்த்தைகள். பிள்ளைகளுக்குப் பழைய பெயர் சூட்டுவோர் ஊரார் மட்டுமல்லர். “இவன் படிக்கமாட்டான்”, “இவள் எதற்கும் அழுவாள்”, “இவன் பொய் சொல்லுபவன்” என்று பத்து வயதில் சொன்ன தீர்ப்பை இருபது வயதிலும் நாம் மாற்றுவதில்லை. உறவினர் நிறைந்த சபையிலும் அதையே சிரித்துச் சிரித்துச் சொல்கின்றோம். சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறிய பிள்ளை, மறுமுறை சித்தியடைந்து தொழிற்பயிற்சியும் முடித்து வந்த பின்னரும், அத்தவறையே நினைவூட்டும் தந்தை உண்டு. வெளியூரார் அகதி என்றழைத்ததற்காக வேதனைப்பட்ட வாப்பா, தம் மகனைத் “தறுதலை” என்றழைக்கலாமா? ஆண்டுக்கு ஒருமுறை உடுப்பின் அளவை எடுக்கின்றோம். பிள்ளையின் மனவளர்ச்சியை அளந்து பார்க்கின்றோமா? இன்று அவன் செய்த ஒரு நற்செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அவனைப் புதிதாகப் பாருங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, யாரேனும் உங்களைக் குறைத்துப் பேசினால், கோபத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் உண்மை ஏதேனும் உண்டா? உண்டாயின் திருத்திக்கொள்ளுங்கள்; இல்லையாயின் அதனைச் சுமந்து திரியாதீர்கள். இரண்டு, ஒரு கலையை, ஒரு தொழிலை, ஒரு மொழியை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். வள்ளம் திருத்துவதாயினும், கணக்கெழுதுவதாயினும், சிங்களமோ ஆங்கிலமோ பேசுவதாயினும் செம்மையாகச் செய்யுங்கள். மூன்று, மாற்றுச் சமூகத்து நண்பர் ஒருவரையேனும் வீட்டுக்கு அழையுங்கள். அவர் வீட்டுக்கும் செல்லுங்கள். ஆயிரம் விளக்கவுரைகளால் அகலாத ஐயம் ஒருவேளை உணவில் அகலுவதுண்டு.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆபிரிக்காவுக்குரிய மரம் அது. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாக நம் முன்னோர் சொல்வர். அதன் அடிமரச் சுற்றளவு 19 மீற்றரைத் தாண்டும். அதனை வந்தேறி என்று இன்று எவரும் சொல்வதில்லை. மன்னாரின் அடையாளம் என்றே சொல்கின்றார்கள். அம்மரம் யாருடனும் வாதாடவில்லை. வேரூன்றியது, வளர்ந்தது, நிழல் தந்தது. வந்தவர் போனவர் எவருக்கும் அந்நிழலை அது மறுக்கவுமில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கல்வியிலும் நற்குணத்திலும் உயர்த்துவாயாக! எங்களைப் பற்றிப் பிறர் கொண்ட தவறான எண்ணங்களை எங்கள் நற்செயல்களால் நீக்குவாயாக! பிறரைப் பற்றி நாங்கள் கொண்ட தவறான எண்ணங்களை உனது அருளால் எங்கள் உள்ளங்களிலிருந்து நீக்குவாயாக! இழந்த ஊருக்குத் திரும்பியோருக்கும், தங்கிய ஊரிலேயே வாழ்வோருக்கும், அவர்களை வரவேற்றோருக்கும் பரக்கத் செய்வாயாக! ஆமீன்.